முக்கால் முடித்த படகு

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அடையாள அட்டையில் அது பத்திரமாக இருந்தது. தெருவில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் உதட்டைப் பிதுக்குவார்கள். "முக்கால் வீடு எது?" என்று கேட்டால் போதும், சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் விட்டுவிடும்.

வீட்டைப் பார்த்தால் பெயர்க்காரணம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. முன்சுவரில் பச்சை வண்ணம் ஜன்னல் வரைக்கும் வந்து நின்றுபோயிருக்கும். மாடிப்படி பதினான்கு படி ஏறி, கடைசி இரண்டு படி இல்லாமல் அந்தரத்தில் முடியும். துணி காயப்போடப் போகிறவர் அங்கிருந்து ஒரு எம்பு எம்ப வேண்டும். சமையலறை அலமாரிக்கு இரண்டு கதவு என்று திட்டம். ஒன்றுதான் வந்தது. அந்த ஒன்றுக்கும் பிடி இல்லை. பதினோரு வருடமாக அவர் மனைவி கரண்டிக் காம்பை இடுக்கில் விட்டு நெம்பித்தான் அதைத் திறக்கிறார். மறுபக்கத்துக்குத் துணித்திரை.

இத்தனைக்கும் அவர் தச்சர். அதுவும் சாதாரணத் தச்சர் இல்லை. அவர் சேர்த்த மூட்டில் தலைமுடி நுழையாது. பீரோ, மேசை, கட்டில் எதுவானாலும் கை பட்டால் மரம் சொன்ன பேச்சுக் கேட்கும். ஆனால் வேலை முக்காலுக்கு வந்ததும் உளியைக் கீழே வைத்து, "இது போதும், மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அந்த 'அப்புறம்' யார் வீட்டுக்கும் வந்ததில்லை. மேசை வாங்கியவர்கள் நாலாவது காலுக்கு அவரவர் வீட்டில் மெருகு போட்டுக்கொண்டார்கள்.

சோம்பேறி என்று ஊர் சொன்னது. ஊருக்கு வேறு வேலை இல்லை. உண்மை வேறு. வேலை நடக்கும்வரை அது செய்கிறவனுடையது. முடிந்துவிட்டால் பார்க்க வருகிறவனுடையது. வருகிறவன் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இந்தப் பக்கம் லேசா கோணலோ?" என்பான். முடியாத வேலையை எவன் கோணல் என்று சொல்ல முடியும்? "இன்னும் முடியலையே" என்று வாயை அடைத்துவிடலாம். அந்தப் பெரிய உடம்புக்குள் இருந்தது இந்தச் சின்னப் பயம்தான். அவர் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. மனைவிக்குத் தெரியும். இருபது வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் தெரியாமலா போகும்?

மனைவி தையற்காரி. கடைசிப் பொத்தானைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துப்பிய பிறகுதான் எழுந்திருப்பார். கடவுள் ஜோடி சேர்க்கும்போது கொஞ்சம் குறும்பாகத்தான் சேர்க்கிறார்.

மனைவியின் அண்ணன் மீன்பிடிக்கிறவர். முக்காலுக்கு மச்சான். மச்சானிடம் இருபத்திரண்டு அடியில் பைபர் படகு ஒன்று இருந்தது. வயது முக்காலின் கல்யாணத்தைவிட இரண்டு அதிகம். அடிப்பாகம் கல் மாதிரி இருந்தாலும், பின்னால் இன்ஜினைத் தாங்குகிற பலகை மட்டும் அந்த வருடம் தலையாட்ட ஆரம்பித்தது. வேகம் கொடுத்தால் இன்ஜின் பின்னால் சாய்ந்து கும்பிடு போட்டது. கரையில் ஏற்றி இன்ஜினைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினால் பலகையின் ஓரத்தில் பழுப்புத் தண்ணீர் வடிந்தது. உள்ளே காலால் நடக்கிற தளமோ, மெத்தைமேல் நடப்பதுபோல அமுங்கி எழுந்தது.

ஊரில் படகு கட்டுகிறவர் ஒரே ஒரு மேஸ்திரி. அவரிடம் பதினேழு படகு வரிசையில் நின்றது. ஆறு வாரத்தில் காற்று தணிந்துவிடும், எல்லாப் படகும் கடலில் இறங்கிவிடும். தன் படகு மட்டும் கரையில் கிடந்தால் மச்சான் இன்னொருவர் படகில் கூலிக்குப் போக வேண்டும். இதைத் தங்கை வீட்டில் வந்து புலம்பினார். புலம்பத்தான் வந்தாரே தவிர வேறு எண்ணம் அவருக்கு இல்லை.

தங்கை தையல் மெஷினை நிறுத்தினார். "எங்க வீட்டுக்காரர் செஞ்சு தருவார்ண்ணே."

மச்சான் ஜன்னல் வழியாக மாடிப்படியைப் பார்த்தார்.

"அதைப் பாக்காதீங்க. இதை முடிச்சுத் தருவார். நான் சொல்றேன்."

"தங்கச்சி, என் பொழைப்பே அதுலதான் இருக்கு."

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

உள்ளறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த முக்காலுக்குப் புரையேறியது. 'முடிச்சுத் தருவார்' என்று தன்னைப் பற்றி யாரும் சொல்லி இந்தக் காதால் அவர் கேட்டதே இல்லை. மச்சான் போனதும் வெளியே வந்து, "ஏம்மா இப்படி வாயைக் குடுத்தே?" என்றார்.

"குடுத்துட்டேன். என் மூக்கு இனி உங்க கையில. உடைக்கிறதும் காப்பாத்துறதும் உங்க பாடு."

படகை ஐஸ் கம்பெனிச் சுவரோரம் மரக்கட்டைகள்மேல் ஏற்றி, மேலே தார்ப்பாய் கட்டினார்கள். இன்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கி இறக்கினார்கள். முக்கால் கிரைண்டரால் பின்பலகையின் உட்பக்கத் தோலை அறுத்துத் திறந்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். இரண்டு பைபர் தோலுக்கு நடுவே இருக்க வேண்டிய பிளைவுட், வடிகட்டிப்போட்ட தேயிலைச் சக்கை மாதிரி கறுப்பாகக் கொழகொழத்துக் கிடந்தது. கையாலேயே அள்ளினார். பதினோரு வாளி. பன்னிரண்டாவது வாளிக்குக் குனிந்தபோது உள்ளேயிருந்து ஒரு நண்டு வெளியே வந்து, அவரைக் கோபமாகப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் நடந்து போனது.

மனைவி அன்று சாயங்காலம் வந்து, துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்துப் படகின் இடது பக்கத்தில், சுவர் மறைக்கிற இடத்தில், வேலைகளை வரிசையாக எழுதினார். பழைய பலகை எடுக்கணும், புதுப் பலகை ஒட்டணும், தளத்துக்குக் கீழே குறுக்குச் சட்டம் மாத்தணும் என்று ஒன்பது வரி. ஏழாவது வரி, 'ஓட்டை எல்லாம் அடைக்கணும்.' இன்ஜின் போல்ட்டும் ஏணி போல்ட்டும் இருந்த பழைய ஓட்டைகளை நினைத்து எழுதினார். "ஒண்ணொண்ணா அடிச்சுட்டு வாங்க. ஒன்பதும் அடிச்ச பெறகுதான் படகு நகரும்" என்றார்.

முக்கால் தலையாட்டினார். மனைவி சாக்கட்டியோடு நின்றால் அவர் தலை தானாக ஆடும்.

பைபரை ஒட்டுகிற பசையான ரெசினை முதல் தடவை அவரே கலந்தார். மரவேலைக்காரருக்குக் கண்தான் அளவு. அதை இறுகவைக்கிற ஹார்டனரைக் கண் அளவில் ஊற்றி, உச்சி வெயிலில் நின்று கலக்கினார். ஐந்து நிமிடத்தில் குவளை புகைந்தது. பிரஷ் நடுவில் நட்டுக்கொண்டு நின்றுவிட்டது. இழுத்தால் குவளையோடு வந்தது. அன்று முதல் கலக்கும் வேலை மனைவிக்குப் போனது. மெஷினுக்கு எண்ணெய் விடுகிற பழைய சொட்டுக் குப்பியைக் கழுவி வைத்துக்கொண்டு, ஹார்டனரைச் சொட்டுச் சொட்டாக வாய்விட்டு எண்ணினார். நடுவில் யாராவது பேசினால் முறைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

பின்பலகைக்கு அளவெடுத்ததும் அவர்தான். செய்தித்தாளை ஒட்டி, சட்டைக்கு முதுகுத்துணி வெட்டுவதுபோல அழகாக வெட்டிக் கொடுத்தார். முக்கால் அதை பிளைவுட்டில் வைத்து வரைந்து அறுத்துத் தூக்கிப்போய் வைத்தால், சுற்றிலும் ஒரு இன்ச் பெரிதாக நின்றது.

"தையலுக்கு ஒரு இன்ச் விட்டிருக்கேன்ல?" என்றார் மனைவி.

"படகை யாரும் மடிச்சுத் தைக்க மாட்டாங்கம்மா."

இரண்டு பேரும் படகுக்குள் உட்கார்ந்து சிரித்தார்கள். அந்த ஒரு இன்ச்சை இழைப்பதில் அவருக்கு ஒரு நாள் முழுக்கப் போனது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

பைபர் துணியை மனைவி கத்தரியால் வெட்டி வெட்டிக் கொடுத்தார், இவர் ரெசின் தடவி ஒட்டினார். துணியிலிருந்து பறக்கிற தூள் தோலில் ஏறிக்கொண்டது. புருஷனும் பெண்டாட்டியும் நாலு வாரம் கழுத்தையும் முழங்கையையும் சொறிந்துகொண்டே திரிந்தார்கள். சட்டை தைக்கக் கொடுக்க வந்த ஒரு அம்மாள் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் வர்றேன்" என்று துணியை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

மேஸ்திரி தினமும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்து போவார். நின்று, எட்டிப் பார்த்து, "என்ன முக்கால், பீரோ எந்த மட்டுல இருக்கு? கண்ணாடி எந்தப் பக்கம் வைக்கப் போறீங்க?" என்பார். முக்கால் தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டிருப்பார்.

தளத்தில் முக்கால் பங்குக்குப் பலகை பதித்த அன்றைக்குத்தான் பழைய வியாதி தலைகாட்டியது. திடீரென்று ஒரு யோசனை. பின்பக்கம் மடக்கி விரிக்கிற மாதிரி ஓர் இருக்கை செய்தால் எப்படி இருக்கும்? பதிக்க வேண்டிய பலகை பதிக்காமல் கிடக்க, இருக்கைக்கு வேறு பலகை தேடி எடுத்து வைத்து, பென்சிலைக் காதில் செருகிவிட்டார். மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி அந்தப் பலகையைப் பார்த்தார். அதன்மேலேயே உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. ஒரு சட்டையை எடுத்துப் பொத்தான் தைக்க ஆரம்பித்தார். பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருந்தார். முக்கால் வேறு வழி இல்லாமல் தளத்தை முடித்தார். நாற்பது வயதுக்கு மேல் நாய்வால் நிமிர்ந்தது அன்றைக்குத்தான்.

ஏழாவது வரிக்கு வந்தபோது போல்ட் ஓட்டைகளை எல்லாம் அடைத்து முடித்தார். அப்புறம் பார்த்தால் பின்பலகையின் அடியோரத்தில், வெளித்தோலில், கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு இன்னொரு ஓட்டை. அதற்குள் அழுக்குத் துணி சுற்றிய ஒரு குச்சி செருகியிருந்தது. அவருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடலுக்குப் போகிற படகில் ஓட்டையை வைத்துக்கொண்டு, குச்சியைச் சொருகியா காலம் தள்ளியிருக்கிறார் மச்சான்? தன்னை முக்கால் என்று சொல்கிற ஊர் மச்சானுக்கு ஏன் பட்டம் வைக்கவில்லை? குச்சியைப் பிடுங்கித் தூர எறிந்தார். ஓட்டையைச் சுரண்டி, அடைத்து, மேலே மூன்று பட்டை பைபர் ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கினார். ஓட்டை எங்கே இருந்தது என்று அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒன்பதாவது வரியையும் அடித்த அன்று சாயங்காலம் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். நாளைக்கு எல்லாரும் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று தார்ப்பாயை அவரே அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையைத் திறந்து காட்டினார். அன்று ராத்திரி பார்த்துத்தான் வானம் கொட்டித் தீர்க்க வேண்டுமா?

காலையில் டிராக்டர் வந்தது. மச்சான் வந்தார். பதினேழு படகையும் விட்டுவிட்டு மேஸ்திரியும் வந்தார். வேடிக்கைக்கு ஐந்தாறு பேர். படகுக்குள் முழங்காலுக்குக் கீழே வரைக்கும் மழைத்தண்ணீர் நின்றது. முக்காலின் பென்சில் அதில் நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தது.

"பரவால்ல, மழைத்தண்ணிதானே. தக்கையை எடுத்து விடுங்க மாப்ளே, போயிடும்" என்றார் மச்சான்.

"எந்தத் தக்கை?"

மச்சான் குனிந்து பின்பலகையின் அடியில் கையை வைத்துத் தடவினார். இடமிருந்து வலம் தடவினார். வலமிருந்து இடம் தடவினார். நிமிர்ந்தார்.

"இங்க ஒரு ஓட்டை இருந்துச்சே?"

"ஆமா" என்றார் முக்கால் பெருமையாக. "அடைச்சுட்டேன்."

மேஸ்திரி சிரித்த சிரிப்பில் ஐஸ் கம்பெனிக்காரர்கள் வெளியே ஓடிவந்தார்கள். படகென்றால் அந்த ஓட்டை இருந்தே ஆக வேண்டும். கடலில் தக்கை வைத்து மூடுவார்கள்; கரையில் தக்கையைப் பிடுங்கித் தண்ணீரை விடுவார்கள். மச்சானின் ரப்பர் தக்கை எப்போதோ தொலைந்துபோனதால் துணி சுற்றிய குச்சி அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் எதையாவது விட்டுவிட்டுப் போன மனிதர், விட வேண்டிய ஒன்றை விடாமல் அடைத்துவிட்டார்.

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி உள்ள வராத படகு நெறையக் கட்டியிருக்கேன். தண்ணி வெளிய போகாத படகை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

முக்காலுக்குக் காது இரண்டும் சுட்டன. தன் அவமானம் அவருக்குப் பழகியதுதான். ஆனால் மனைவி தெருமுனையில் தேநீர்க் குடுவையோடு வந்துகொண்டிருந்தார். இந்த ஆறு வாரமும் அண்ணனிடம் கொடுத்த வாக்கோடு நிமிர்ந்து நடந்தவர். அப்போதுதான் படகின் இடது பக்கத்தில், சுவர் மறைவில் மழை படாமல் இருந்த ஏழாவது வரி முக்காலுக்கு நினைவு வந்தது. 'ஓட்டை எல்லாம் அடைக்கணும்.' குண்டு குண்டாக, மனைவியின் கையெழுத்து. கோடு போட்டு அடித்திருந்தாலும் நன்றாகவே படிக்க முடிந்தது.

எல்லாரும் பின்பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். முக்கால் முட்டுக்கட்டையைச் சரிபார்ப்பவர்போல இடது பக்கம் போனார். சட்டைக் கையை இழுத்துவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் அழுத்தித் துடைத்தார். திரும்பி வந்து, "எனக்குத் தெரியலை மச்சான். கேட்டிருக்கணும். தப்பு என்னுதுதான்" என்றார்.

மனைவி வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "முடிக்கவே மாட்டார்னு சொன்னீங்க. இப்ப தேவைக்கு மேலயே முடிச்சிருக்கார். அதுக்கும் சிரிச்சா எப்படி?"

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. மேஸ்திரி உட்கார்ந்து, படகின் அடியில் விரலை ஓட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். மழை படாத அடிமண்ணை அள்ளி உதிர்த்துப் பார்த்தார், பொலபொலவென்று உதிர்ந்தது. "இவ்வளவு தண்ணி நின்னும் ஒரு சொட்டுக் கசியலை" என்று, பல்லைப் பிடுங்கினதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

ஓட்டை போட வேண்டியதுதான். வட்டமாக வெட்டுகிற அலகைப் பேட்டரித் துளைப்பானில் மாட்டி, முக்கால் தன் வழவழப்பான பலகையின் முன்னால் மண்டியிட்டார். கை எழவில்லை. "நான் போடட்டுமா?" என்றார் மேஸ்திரி, அன்பாகவே. "வேணாம்" என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். அலகு மறுபக்கம் போனதும், ஒரு ராத்திரி முழுக்க அடைபட்டுக் கிடந்த மழை அவர் முகத்திலேயே பாய்ந்தது. தொப்பலாக நனைந்து எழுந்தவர் கையில், அறுபட்டு வந்த வட்டத்துண்டு இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அவ்வளவுதான்!" என்றார் மச்சான். "ஒரு கட்டைத் தக்கையை அடிச்சு இறக்கிடலாம். இது போதும் மாப்ளே, மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

டிராக்டர் உறுமியது. முக்கால் குனிந்து ஓட்டைக்குள் பார்த்தார். அறுபட்ட பிளைவுட் விளிம்பு வெளேரென்று தெரிந்தது. பழைய பலகையில் தண்ணீர் ஏறியதும் இந்த ஓட்டையின் விளிம்பு வழியாகத்தான். ரெசின் பூசாத மரம், பதினோரு வாளிச் சக்கை, ஒரு நண்டு. எல்லாம் இங்கேதான் ஆரம்பம்.

"இல்ல மச்சான்" என்றார். "வேலை முடியலை."

"மாப்ளே, எல்லாரும் காத்திருக்காங்க."

"இருக்கட்டும். விளிம்பு காயணும். மூணு கை ரெசின் போடணும். அதுவும் காயணும். சாயங்காலம் இறக்கலாம்."

இந்த வாயிலிருந்து இந்த வார்த்தையா என்று டிராக்டர்காரர் வண்டியையே அணைத்துவிட்டார். மச்சான் தங்கையைப் பார்த்தார். தங்கை சொட்டுக் குப்பியைக் கையில் எடுத்து எண்ண ஆரம்பித்துவிட்டார்.

தண்ணீரைத் துணியால் ஒற்றி, வெயிலில் விளிம்பைக் காயவிட்டு, மூன்று கை பூசினார் முக்கால். ரெசின் காய்கிற நேரத்தில் கெட்டி மரத்தில் தக்கை ஒன்று கடைந்தார். அதற்கும் மெருகு போட்டு, தொலையாமல் இருக்க ஒரு கயிற்றையும் கட்டினார். மேஸ்திரி வேலைக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலையைச் சாய்க்கவில்லை. ஒரு கண்ணை மூடவில்லை.

சாயங்காலம் படகு இறங்கியது. மச்சான் முழு வேகம் கொடுத்தார். இன்ஜின் கும்பிடு போடவில்லை. முக்கால் கரையில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மனைவி அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பெரிய வட்டம் அடித்துத் திரும்பிய மச்சான், தளத்தில் இரண்டு காலாலும் குதித்துக் காட்டினார். கரைக்குப் பக்கத்தில் வந்ததும் கயிற்றைச் சுழற்றினார்.

"ஒண்ணேகால்!" என்று கத்தினார். "ஒண்ணேகால், கயிறைப் பிடிங்க!"

மறுநாள் காலைக்குள் அந்தப் பெயர் தெரு முழுக்கப் பரவிவிட்டது. இருபது வருடத்துப் பெயரை மாற்ற ஊருக்கு ஒரு ராத்திரி போதும்.

ஒண்ணேகால் அன்று வேலைக்குப் போகவில்லை. பையிலிருந்த வட்டத்துண்டை எடுத்து ஓரத்தைத் தேய்த்தார். நடுவில் ஒரு திருகாணி போட்டு அலமாரிக் கதவில் பொருத்தினார். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அதைப் பிடித்து இழுத்தார். கதவு திறந்தது. மூடினார், திறந்தார், மூடினார். கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் மறைக்கவும் இல்லை.

"ஒரு விஷயம் கேக்கணும்" என்றார். "படகுல ஒன்பது வரி எழுதினேன். நேத்து அண்ணன்கிட்டப் படிச்சுக் காட்டலாம்னு போய்ப் பாத்தா எட்டுதான் இருந்துச்சு."

ஒண்ணேகால் கழுத்தைச் சொறிந்தார். "மழையில அழிஞ்சிருக்கும்."

"ஏழாவது மட்டுமா?"

அவர் திருகாணியை இன்னும் கொஞ்சம் முறுக்கினார். மனைவி சாக்கட்டியை எடுத்துவந்து, துணித்திரைக்குப் பக்கத்துச் சுவரில், 'இன்னொரு கதவு' என்று எழுதினார். யோசித்தார். கீழே இன்னொரு வரி சேர்த்தார்: 'திறக்கிற மாதிரி.'

ஒண்ணேகால் இரண்டு வரியையும் படித்துவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.